தலைகீழ்ப் பாடம்

நிறுத்துக் கடிகாரத்தை மேசைக்கு அடியில்
வைத்துக்கொள்ளச் சொல்கிறது கையேடு.
பிள்ளை பதறக் கூடாதாம்.
பதறுவது நான்தான்.

பதின்மூன்று ஆண்டாக இதுதான் பிழைப்பு.
செயாரா மாநிலத்தின் வறண்ட உள்நாட்டில்
பள்ளி பள்ளியாய்ப் போய்
இரண்டாம் வகுப்பை ஒவ்வொருவராய் எதிரே உட்காரவைத்து
நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று எண்ணுவது.
எண்ணியதை அனுப்பினால்
மேலே இருப்பவர்கள் கூட்டி வகுத்துக்கொள்வார்கள்.

பெத்ரா மிரிமுக்கு முதன்முறை போனபோது
பள்ளிக்கூடத்தில் பாதி, மாவுக் கிடங்கு.
வினாத்தாள் கட்டு வந்து சேரவில்லை.
அங்கிருந்த ஒரே கதைப் புத்தகத்தைக் கொடுத்தேன்.
ஜெனிவால்து என்றொரு பையன்,
முன்பல் இரண்டும் விழுந்தவன்,
மடை திறந்தாற்போல் வாசித்தான்.
ஒரு சொல் பிசகவில்லை.
முடிகிற இடத்தில் பக்கம் திருப்பினான்.
நூற்று நாற்பது என்று குறித்துவிட்டு நிமிர்ந்தேன்:
அட்டையில் மீனவன்
தலை கீழே, படகு மேலே.

தலைகீழ்ப் பாடம் என்பார்களே,
அன்றுதான் கண்ணால் கண்டேன்.
டீச்சர் சொகோரு என்னைப் பார்க்கவில்லை;
திறந்தே இல்லாத ஜன்னலைச் சாத்தினாள்.
அடித்துவிட்டுப் பூஜ்யம் போட்டேன்.
பேனா ஏனோ இரண்டு முறை சுற்றியது.

பிறகு நடந்ததை அதிசயம் என்று மேடையில் பேசுகிறார்கள்.
நான் பார்த்தது
மாவு மூட்டை வெளியே போனது, அலமாரி உள்ளே வந்தது.
டீச்சர்களுக்குச் சனிக்கிழமைதோறும் பயிற்சி.
வராத பிள்ளையின் கதவைப் பத்து மணிக்குள்
யாராவது ஒருவர் தட்டுவது.
அடுத்த ஆண்டும் அதே கதவு.
அதற்கடுத்த ஆண்டும்.

இந்த நவம்பரில் எதிக்ளேசியா.
இப்போது தாள் முத்திரையிட்ட உறையில் வருகிறது.
கதையில் ஓர் ஆடு
மேயரின் தொப்பியைத் தின்கிறது.
தொப்பிவரை ஓட்டமாய் வந்தாள்.
‘தின்றுவிட்டது’ என்று வாசித்தாள்.
வாசித்தது உள்ளே போய்ச் சேர ஒரு கணம்.
சிரித்தாள்,
மேசையில் நெற்றி முட்டச் சிரித்தாள்.
சமையற்கட்டிலிருந்து நெய்தி எட்டிப் பார்த்தாள்,
தேர்வு நாளில் சத்தம் ஆகாதென்று
காலையிலிருந்து கரண்டிக்குத் துணி சுற்றியிருப்பவள்.

சிரிப்புக்குக் கடிகாரத்தை நிறுத்தலாமா?
கையேட்டில் இருமலுக்கு உண்டு.
மூக்கில் ரத்தம் வந்தால் உண்டு.
பதினான்கு வினாடி போயிற்று.
ஐம்பத்தாறு.
சரளம் என்று எழுத அறுபது வேண்டும்.

குறிப்புக் கட்டத்தில் ‘நடுவில் நின்றாள்’ என்று எழுதினேன்.
எதிர்ப்பக்கம் உட்கார்ந்தபடி,
தாளைத் தொடாமல்,
‘நிக்கல. சிரிச்சேன்’ என்றாள்.

என் அலுவலகத்துக்கே பிடிபடாத கையெழுத்து.
தலைகீழாய் வாசித்திருக்கிறாள்.
அதற்குக் கட்டமில்லை.

திரும்பும்போது மோட்டார் சைக்கிள் டாக்ஸி.
ஓட்டியவன் பாதி வழியில் பெயர் சொன்னான்.
என்னை அவனுக்கு ஞாபகமில்லை.
நானும் சொல்லவில்லை.
போகிற போக்கில் போனை வாயருகே வைத்து
அம்மாவுக்குக் குரல் அனுப்பினான்,
சாலையைப் பற்றி, தக்காளி விலையைப் பற்றி.
கடைத்தெரு ரேடியோவில்
மாநிலம் மறுபடி ஏறியிருப்பதாகச் செய்தி.
‘நம்ம பிள்ளைங்களா?’ என்றான்.
நம்ம பிள்ளைங்கதான் என்றேன்.
ஆளில்லாத சாலையில்
மூன்று முறை ஹாரன் அடித்தான்.

பேருந்து நிலையத்தில் ரசீது கேட்டேன்.
‘நீங்களே எழுதிக்குங்க,
கண்ணாடி கொண்டு வரல.’
இருபத்தொரு வயது.

வண்டியின் இருக்கையில் தாளை விரித்தேன்,
அவன் பக்கமாய்த் திருப்பி.
எனக்குத் தலைகீழாய்,
ஒவ்வோர் எழுத்தாய் எழுதினேன்.
கோணலாய்த்தான் வந்தது.